ஜெனோவா என்ற இடம்

வைகாசிப் புயல் வாகைத்துறையைக் கடந்து போன நாற்பத்தோராம் நாள், சேசடிமையின் வலையில் கணவாயோடு கணவாயாக ஒரு ஜி.பி.எஸ் செட் ஏறி வந்தது. தளத்தில் கொட்டியவர்கள் அதை ஆமைக்குஞ்சு என்று நினைத்துத் திரும்பக் கடலில் எறியப் போனார்கள், பிறகு அதன் பொத்தானில் பூசியிருந்த சிவப்பு நகச்சாயத்தைப் பார்த்துவிட்டு, வலையை மறுபடி இறக்கத் தோன்றாமல் நின்றார்கள். அந்தச் சாயத்தைப் பூசியது ஜெனோவா என்றும், பூசப்பட்ட செட் ‘பனிமாதா’ படகினுடையது என்றும், பனிமாதா ஒன்பது பேரோடு போய்ப் புயலுக்குப் பிறகு திரும்பவே இல்லை என்றும், அந்த ஒன்பதில் ஒருவன் படகை நடத்திய ஸ்ராங்கு மிக்கேல், ஜெனோவாவின் கணவன் என்றும் அந்தக் கரையில் தெரியாதவர் யாருமில்லை. சேசடிமை தானும் ஒரு ஸ்ராங்கு, மிக்கேலுக்குச் சித்தப்பா மகன். அவன் சட்டையைக் கழற்றி செட்டைச் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக வந்தான். வீட்டுக்குப் போவதா கடைக்குப் போவதா என்று முச்சந்தியில் சற்று நின்று யோசித்து, பழுதான செட் கடைக்குத்தானே வர வேண்டும் என்று கடைக்கே வந்தான்.

ஐஸ் கம்பெனியை ஒட்டியிருந்த கடை ஜெனோவாவுடையது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். துறையில் இருக்கும் நாற்பது விசைப்படகுகளின் செட்டுகளும் எப்போதாவது ஒருநாள் அவள் மேஜையில் வயிறு திறந்து கிடந்திருக்கின்றன. ஸ்ராங்குகளின் உயிர் அந்தச் செட்டுகளுக்குள்தான் இருந்தது. மீன் கூடுகிற பார் எங்கே, வலையைக் கிழிக்கிற கல் எங்கே என்று வருஷக்கணக்காக அலைந்து கண்டுபிடித்த இடங்களை அதில் பெயர் போட்டுச் சேர்த்து வைத்திருப்பார்கள், பெற்ற தகப்பன் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். துறைமுக வாய்க்கு மட்டும் எல்லோரும் பெண்டாட்டி பெயரை வைப்பது வழக்கம். ஜெனோவா நாற்பது பேரின் ரகசியத்தையும் பார்த்தவள், பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமியாரைப் போல ஒன்றையும் வெளியே விட்டதில்லை. உள்ளே திறந்து பார்க்காதது ஒரே ஒரு செட்டை. மிக்கேல் தன் செட் கெட்டால் கொல்லத்துக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்த்து வருவான். கேட்டால், “ஒனக்குத் தெரிஞ்சா எனக்காவ நீ பொய் சொல்லணும். அந்தப் பாவம் ஒனக்கு எதுக்கு?” என்பான். அவ்வளவு கள்ளன். பின்னால் இன்னொரு படகு வருவதாகச் சந்தேகம் தட்டினால் விளக்கை அணைத்து, செட்டையும் அணைத்து, இரண்டு நாள் வெறுங்கடலில் சுற்றினாலும் சுற்றுவானே தவிர, தன் பாரை அடுத்தவனுக்குக் காட்ட மாட்டான்.

“மைனி, இது அண்ணனுக்க செட்டு தானே?” என்றான் சேசடிமை.

“ஓ” என்றாள். ஆமென்று தலையசைத்து, சட்டையைப் பிரித்துச் செட்டை மேஜைமேல் வைத்தாள்.

செட்டின் முகம் உடைந்திருந்தது, பாட்டரிப் பெட்டிக்குள் நண்டு குடியிருந்தது. ஆனால் முதுகில் இருந்த வட்டத் துளையின் ரப்பர் மூடி இறுக்கமாக இருந்தது, மூடியைத் திறந்தால் உள்ளே நாலு ஊசியும் நேற்றுச் செய்தவை மாதிரி மின்னின. முகம் செத்த செட்டை அந்த வழியாகப் பேச வைக்கலாம். கடைசியாக எந்த இடத்தைக் குறித்து வைத்தது என்று தெரிந்தால், ஒன்பது பேர் எங்கே போனார்கள் என்றாவது தெரியும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆனால் அந்தத் துளையில் மாட்டுகிற வயரின் மறுமுனை ஒன்பது ஊசிக்கான பழைய அகலத் தலை. அதை மாட்டிக்கொண்டிருந்த பெரிய கம்ப்யூட்டர், புயலன்று கடல் கடைக்குள் வந்தபோது உப்புத்தண்ணீர் குடித்துச் செத்துப்போயிருந்தது. புதிதாக வாங்கிய லேப்டாப்பில் அப்படி ஒரு வாயே இல்லை. அவள் அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். “எல்லாத்தையும் ஒல்லியாக்குகேன்னு ஒம்பது ஊசிக்கு எடமில்லாம பண்ணி வச்சிருக்கானுவ” என்று திட்டிவிட்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினாள்.

வாங்கி வந்த நீலநிற மாற்று வயரை லேப்டாப் ஏற்கவில்லை. உள்ளேயிருக்கும் சில்லு போலி என்று சொல்லித் துப்பியது. திரும்பப் போய் இன்னொன்று வாங்கினாள், அதுவும் அப்படியே. மூன்றாவது நாள், இந்த வயர்களை வருஷக்கணக்காக விற்கிற ஒருவர், “போலியும் வேல செய்யும்மா, பழைய சாப்ட்வேரைப் போட்டா அதுக்கு ஆளு அடையாளம் தெரியாது” என்று ஒரு சிடியைக் கொடுத்தார். அதைப் போட்டாள். கம்ப்யூட்டருக்குள் மூன்றாம் எண் கதவு திறந்தது. செட்டுக்கு மின்சாரம் கொடுத்தாள், வினாடிக்கு நாலாயிரத்து எண்ணூறு பிட் என்று வேகத்தைச் சரிசெய்தாள், கறுப்புத் திரையில் வரிகள் ஓடி வந்தன.

வந்தவை புயலன்று குறித்த வரிகள் அல்ல. அன்றைய தேதி இருந்தது, அந்த நிமிஷத்து மணி இருந்தது. செட் தான் இருக்கிற இடத்தைத்தான் சொல்லும், வேறொன்றும் சொல்லத் தெரியாது. இந்தச் செட்டோ தகரக் கூரைக்குக் கீழே, அவள் மேஜைமேல் கிடந்துகொண்டு, தான் துறையிலிருந்து எழுபது மைல் தெற்கே நடுக்கடலில் மணிக்கு நாலு மைல் வேகத்தில் மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருப்பதாகச் சொல்லியது. ஜெனோவா ஒரு மணி நேரம் பார்த்திருந்தாள். நாலு மைல் போயிருந்தது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு, வெளியே ‘ஐஸ் உண்டு’, ‘ஐஸ் இல்லை’ என்று எழுதுகிற கரும்பலகையைத் துடைத்து, பனிமாதா இன்ன இடத்தில் நிற்கிறது என்று சாக்பீஸால் எழுதிவைத்தாள்.

முதல் வாரம் ஊர் அழுதது, இரண்டாவது வாரம் சந்தேகப்பட்டது, மூன்றாவது வாரத்திலிருந்து பழகிக்கொண்டது. சேசடிமையும் இன்னும் மூன்று படகுகளும் பலகையில் எழுதிய இடத்துக்கே போய் நின்றார்கள். ஜெனோவா கடையிலிருந்து வயர்லெஸ்ஸில், “ஒங்களுக்கு எடப்பக்கம் அரை மைல்ல நிக்காவ, நல்லாப் பாருங்க” என்றாள். சேசடிமை வெகுநேரம் கழித்து, “எடப்பக்கம் ஒண்ணும் இல்ல மைனி. வெறும் தண்ணி. ஆனா டீசல் மணம் அடிக்கு” என்றான். நாம் போகிற கடல் வேறு, அவர்கள் போகிற கடல் வேறு, இரண்டும் ஒரே இடத்தில் கிடக்கின்றன என்று அதோடு ஊர் முடிவுக்கு வந்துவிட்டது. மீன்வளத்துறையிலிருந்து வந்த அதிகாரி திரையைப் பார்த்தார், செட்டைத் தூக்கிப் பார்த்தார், மேஜைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். “இருக்காங்க, இறந்துட்டாங்க, காணோம். ஃபாரத்துல மூணு கட்டம்தாம்மா இருக்கு. இதுக்குக் கட்டம் இல்ல” என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனார். பங்குச்சாமியார் இரங்கல் பூசையைத் தள்ளிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மணி அடிக்கிற நேரத்தில் பனிமாதாவின் வேகம் பூஜ்யமாகி, பூசை முடிகிற நேரத்தில் மறுபடி கிளம்புவதை யாரோ கவனித்துச் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார்.

மற்ற எட்டு வீட்டுப் பெண்களும் காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் கடைக்கு வந்தார்கள். கறுப்புச் சேலை எடுத்து வைத்திருந்தார்கள், உடுத்தவில்லை. கலர்ச் சேலை உடுத்தவும் கூச்சமாக இருந்தது. எட்டுப் பேரும் சாம்பலும் அல்லாத பழுப்பும் அல்லாத ஏதோ ஒரு நிறத்தில் நடமாடினார்கள். தாய் வீட்டுக்குப் போகவும் முடியவில்லை, மாமியார் வீட்டில் இருக்கவும் முடியவில்லை. கேட்கிற கேள்விகளுக்குத் திரையில் பதில் இருக்காது. “அவருக்கு இருமல் கொறஞ்சிருக்கா பாருங்க அக்கா” என்பாள் செலஸ்தீன். இஞ்சின் பார்க்கிற மரியதாசின் மனைவி. “மேற்க பாத்துப் போறாவ பிள்ளே” என்பாள் ஜெனோவா. அது போதும் என்பது போல அவள் போய்விடுவாள்.

பகலெல்லாம் மேற்கே போகிற பனிமாதா இரவில் அதே கோட்டில் கிழக்கே திரும்பிவிடும், மறுநாள் மறுபடி மேற்கே. இப்படி ஐந்து மாதம் போயிற்று. ஒருநாள் மாலை செலஸ்தீன் போகாமல் வாசலிலேயே நின்றாள்.

“அக்கா, இவ்வளவு நாளா நாம கேட்டுக்கிட்டே இருக்கோம். அவியகிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல்லியே.”

ஜெனோவா மேஜைக்குத் திரும்பி வயரைக் கையில் எடுத்தாள். அந்த வயரை அவளேதான் பற்றவைத்தாள். வட்டத் தலைக்குள் நாலு ஊசி: ஒன்று மின்சாரம், ஒன்று பூமி, ஒன்று செட் பேச, ஒன்று செட் கேட்க. செட்டிடம் சொல்வதற்கு யாருக்கும் ஒன்றும் இருந்ததில்லை, ஆகையால் கேட்கிற வயரை அவள் மட்டுமில்லை, அந்தக் கரையில் யாருமே பற்றவைப்பதில்லை. வெட்டி மடக்கி விட்டுவிடுவார்கள். ஐந்து மாதமாக மிக்கேலின் காதை மடக்கிவைத்தது தன் கைதான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியே உட்கார்ந்து, விரல் சுட்டதுகூடத் தெரியாமல் நாலாவது வயரைப் பற்றவைத்தாள், இரண்டு முனையையும் குறுக்கே மாற்றிப் போட்டாள், இவள் வாய் அவன் காதுக்கும் அவன் வாய் இவள் காதுக்கும் போகும்படி. செட்டுக்கு வார்த்தை புரியாது. ஒரு பெயரைத்தான் அனுப்பலாம். அனுப்பினால் செட்டின் முகத்தில் வழிகாட்டுகிற அம்பு அந்த இடத்தை நோக்கித் திரும்பும், எந்த ஸ்ராங்கும் அம்பை நம்புவான்.

மறுநாள் ஊரே கடைமுன் கூடிவிட்டது. ஜெனோவா செட்டுக்குள் இருந்த பட்டியலைத் திரைக்கு இழுத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். அவற்றின் நடுவில் அவள் பெயர் இருந்தது. துறைமுக வாய்க்குப் பெண்டாட்டி பெயர். அதில் பார்க்க என்ன இருக்கிறது? மற்றவர்களின் செட் என்றால் எண்ணை ஒன்றுக்கு மூன்று தடவை சரிபார்க்கிறவள், தன் பெயரைக் கண்டதும் கண் நிறைந்து, எண் எதையும் பார்க்காமல் அனுப்பிவிட்டாள்.

பத்து நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஐந்து மாதமாக ஒரே கோட்டில் போய்வந்துகொண்டிருந்த பனிமாதா அந்தக் கோட்டைவிட்டுத் திரும்பியது.

வேகம் ஏழு மைல், எட்டு மைல், ஒன்பது மைல். ஜனங்கள் கத்திக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார்கள். கோயில் மணியை யாரோ அடித்தார்கள். செலஸ்தீன் வீட்டுக்கு ஓடி அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டு, சம்பந்தமில்லாமல் மரியதாசின் சட்டைகளையெல்லாம் எடுத்துத் துவைக்க ஆரம்பித்தாள். சேசடிமையும் மற்ற ஸ்ராங்குகளும் மட்டும் திரையைவிட்டு நகரவில்லை.

“மைனி” என்றான் சேசடிமை மெதுவாக. “தொறைக்கு வரணும்னா இந்த எண்ணு ஏறணும். இது எறங்குது.”

ஜெனோவா தன் பெயருக்கு எதிரே இருந்த எண்ணை அப்போதுதான் பார்த்தாள். நம்ப முடியாமல் வாய்விட்டு வாசித்தாள், வட எண்ணையும் கிழக்கு எண்ணையும், கடைசிப் புள்ளிவரை. நாற்பது பேரின் ரகசியத்தை வயிற்றுக்குள் வைத்திருந்தவள், தன் புருஷனின் ரகசியத்தை நாற்பது ஸ்ராங்குகளுக்கு நடுவில் உரக்கப் படித்தாள். அது துறையிலிருந்து தொண்ணூற்றிரண்டு மைல் தள்ளி, தெற்கே, ஒருவரும் போகாத ஆழம். கடலில் ஒன்றுமில்லாத மாதங்களில்கூட மிக்கேல் எங்கிருந்தோ ஆளுயர நெய்மீன்களைக் கொண்டுவந்து இறக்குவானே, அந்த எங்கிருந்தோ அதுதான் என்று சேசடிமைக்குப் புரிந்தது. பின்னால் நின்ற ஸ்ராங்குகள் அந்த எண்ணை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். செட் களவு போனால் கள்ளன் பெண்டாட்டி பெயரைத் துறைமுகம் என்று தள்ளிவிட்டு மற்ற முந்நூறிலும் தேடுவான். மிக்கேல் தன் ஆகச் சிறந்த பாரை அந்தப் பெயருக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான்.

‘என் பேர வீட்டுக்கு வைக்கல்ல, மீனுக்கு வச்சிருக்காவ’ என்று அவளுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, அவன் உலகத்தில் ஒளித்து வைக்க வேண்டியதென்று நினைத்த ஒன்றுக்குத்தானே தன் பெயரை வைத்திருக்கிறான் என்று தோன்றியது. அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை பனிமாதா அந்தப் பாரில் போய் நின்றது. சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றியது. வலை போடுகிறார்கள்.

அந்த இடத்துக்கு யாரும் போகக் கூடாது என்று சாமியார் சொன்னார். நாற்பது ஸ்ராங்குகளும் கோயில் கொடிமரத்தைத் தொட்டு, அந்த எண்ணைக் காதில் வாங்கவில்லை, வாங்கியிருந்தாலும் மறந்துவிட்டோம், எந்தச் செட்டிலும் ஏற்றவில்லை, ஏற்ற மாட்டோம் என்று சத்தியம் பண்ணினார்கள். ஜெனோவா கடைக்குள் உட்கார்ந்து துறைமுக வாய் எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது என்று தேடினாள். அதைக் கண்டுபிடித்து அனுப்பிவிட்டால் போதும், அம்பு திரும்பும், ஒன்பது பேரும் வந்துவிடுவார்கள். புனிதர்கள் பெயர் எழுபத்திரண்டு, அவற்றில் இல்லை. பூக்களின் பெயர், ஊர்களின் பெயர், மிக்கேலுக்குப் பிடிக்காத சொந்தக்காரர்கள் பெயர், அவற்றிலும் இல்லை. மண்டையோட்டுக் குறி போட்ட பதினேழு இடங்கள் இருந்தன. வலை கிழியும், படகு முட்டும், கிட்டே போகாதே என்று அர்த்தம். கல்லில் கொண்டுபோய் மோதவா ஒருத்தி புருஷனைக் கூப்பிடுவாள்? அவற்றைத் தொடாமல் மற்றதெல்லாம் பார்த்தாள். மூன்று நாள் ஆயிற்று.

நாலாம் நாள் விடிந்தபோது துறையில் ஒரு படகுகூட இல்லை. ஒருவனுக்கொருவன் தெரியாமல் கிளம்பியதாகத்தான் நாற்பது பேரும் பிற்பாடு சாதித்தார்கள். ‘தேடிப் பாக்கத்தான் போனோம், போன எடத்துல வலைய சும்மா நனைச்சோம்’ என்றார்கள். பசித்த வீட்டுக்குக் கொடிமரம் தூரம்தான். அவர்களைத் திட்டியும் பயனில்லை.

மிச்சமிருந்தது மண்டையோடுகள் மட்டும்தான். பதினொன்றாவது மண்டையோட்டுக்குப் பெயர் ‘வலைகிழிச்சான் கல்’. எண்ணைப் பார்த்தாள். எழுந்து நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள், துறைமுக வாயை அணைத்துக் கடலுக்குள் நீளும் கல்சுவரான தூண்டில் வளைவின் முனையில் சிவப்பு விளக்குக் கம்பம் நின்றது. மறுபடி எண்ணைப் பார்த்தாள். அதே இடம்தான். வீட்டைத்தான் மிக்கேல் மண்டையோடு போட்டு மூடி வைத்திருந்தான், எந்தக் கள்ளனும் அண்டாதபடி.

அவள் அந்தப் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு விரலை விசைமேல் கொண்டுபோனபோது, பாரில் வட்டமடித்துக்கொண்டிருந்த பனிமாதாவின் வேகம் திடீரென்று ஒன்பது மைல் என்று ஏறியது. நேர்கோட்டில் தெற்கே, கரைக்கு நேர் எதிராக. நாற்பது படகுகள் தன் பார்மேல் ஏறி வருவதைப் பார்த்த ஸ்ராங்கு என்ன செய்வான் என்று மற்றவர்களுக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். “வேண்டாம் வேண்டாம் வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டே விசையை அழுத்தினாள். வரி நின்றுவிட்டது. பெயர் போவதற்கு முன்னே நின்றதா, போன பின்னே நின்றதா என்று திரை சொல்லவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினாள், மூன்றாம் எண் கதவை மூடித் திறந்தாள், லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். வயரில் பழுதில்லை. மிக்கேல் செட்டை அணைத்துவிட்டான்.

மறுநாள் நாற்பது படகுகளும் மீன் கனத்தில் விளிம்புவரை தாழ்ந்து வந்து சேர்ந்தன. ஊரில் அவ்வளவு நெய்மீனை யாரும் கண்டதில்லை. ஸ்ராங்குகள் தலையைக் குனிந்துகொண்டு இறக்கினார்கள். ஒவ்வொரு ஸ்ராங்கும் ஒரு மீனை ஒன்பது வீட்டு வாசல்களில் ஒன்றில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனான். செலஸ்தீன் மீனையும் எடுக்கவில்லை, கதவையும் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு கறுப்புச் சேலை உடுத்திக்கொண்டு பூசைக்கு வந்தாள். அதைப் பார்த்து மற்ற ஏழு பேரும் உடுத்தினார்கள். சாமியார் இரங்கல் பூசை வைத்தார், அதிகாரி ஒரு கட்டத்தில் டிக் அடித்தார், ஐஸ் கம்பெனிக்காரர் கரும்பலகையைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஜெனோவா மட்டும் கறுப்பு உடுத்தவில்லை. தினமும் காலையில் கடையைத் திறந்து, நீல வயரை மாட்டி, ‘வலைகிழிச்சான் கல்’ என்று ஒருதரம் அனுப்புவாள். ஒன்றும் வராது. பிறகு வேலையைப் பார்ப்பாள்.

தை மாதம் சேசடிமை செட் கெட்டுப்போய்க் கொண்டுவந்தான். மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்ணைப் பார்க்காமல், “சாயங்காலம் வாறேன் மைனி” என்று போய்விட்டான். உப்பைச் சுரண்டி, உள்ளே பார்த்தாள். அவன் மனைவி பெயரில் துறைமுக வாய் இருந்தது. அதற்குக் கீழே, கொடிமரத்தைத் தொட்ட கையால் அவன் ஏற்றியிருந்த இன்னொரு இடம், ஆறு இங்கிலீஷ் எழுத்தில், அவள் பெயர். அடுத்த வாரம் வந்த செட்டிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். துறையில் ஆட்கள் இப்போது, “எங்கலே போறிய?” என்றால், “ஜெனோவாவுக்கு” என்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரியவந்தது.

சேசடிமையின் செட்டை அவள் வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். பெயரை அழிக்கவில்லை. எண்ணை மட்டும் அழித்து, துறைமுக வாயின் எண்ணைப் போட்டாள்.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு செட்டிலும் அப்படியே செய்தாள். ‘ஜெனோவா’ என்று தட்டிவிட்டுக் கிளம்புகிற படகின் அம்பு, தூண்டில் வளைவைத் தாண்டியதும் பின்னால் திரும்பிக் கரையைக் காட்டும். தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வருவார்கள். சரியான எண்ணைத் தாளில் குறித்து வைத்தவன் எவனுமில்லை, சத்தியத்துக்குப் பயந்து. அடுத்தவனிடம் கேட்கவும் முடியாது. ஏற்றவே இல்லை என்று கொடிமரத்தைத் தொட்டவன், ஏற்றியது மாறிவிட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வான்? தன் செட்டுக்கு மட்டும் ஏதோ ஆகிவிட்டது, தெய்வக் குற்றம் என்று ஒவ்வொருவனும் தனித்தனியே பயந்து வாயை மூடிக்கொண்டான். அந்தப் பாரில் படகுகள் குறைந்தன. இருபதாயிற்று, பத்தாயிற்று.

உப்புக்காற்று அடிக்கிற ஊரில் எந்தச் செட்டும் இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்காது. முப்பத்தெட்டு செட் அவள் மேஜைக்கு வந்து போய்விட்டன. கடைசிப் படகும் வராமல் போய், கடல் அங்கே பழையபடி ஆளில்லாமல் கிடந்தால், மிக்கேல் ஒருநாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் செட்டைப் போடுவான். சந்தேகம் பிடித்தவன், உடனே போட மாட்டான். போட்டால் முதலில் காதில் விழுவது வீடாக இருக்க வேண்டும் என்றுதான் அவள் தினமும் காலையில் அந்தக் கல்லின் பெயரை அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

இன்னும் இரண்டு செட் பழுதாகவில்லை.